வாயடைத்த சென்சார்

"டீச்சர், பொய் சொல்ற சென்சாரோட வாயை அடைச்சுட்டேனுங்க. அடுத்த பாடம் என்னங்க?"

கேட்டவர் நாச்சிமுத்து. மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர் ரமீஜாவுக்கு அவருடைய மகள் வயது. குருவுக்குத் தாடி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன? கார் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து மாற்றி எழுத, கோவையில் தன் வீட்டு கார் ஷெட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறவள்.

"எந்த சென்சாருங்கண்ணா?"

"எஞ்சின் சூடு பாக்கறது. சூடாகுது சூடாகுதுன்னு மஞ்சள் லைட்டைப் போட்டுட்டே இருந்துச்சு."

"என்ன பண்ணீங்க?"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. இதைக் கேட்கமாட்டாளா என்றுதான் காத்திருந்தார்.

"நீங்க சொல்லிக் கொடுத்தபடியேங்க. பேட்டரிக்கு சார்ஜர் மாட்டினேன். பழைய ஃபைலைக் காப்பி எடுத்து வச்சேன். புதுசுல அந்த எச்சரிக்கையை மட்டும் நிறுத்தி, வண்டிக்குள்ள ஏத்தினேன். லைட் போயே போச்சு! எல்லாம் வீட்டு வாசல்லயே. நாளைக்கு வால்பாறை போறோம். மகளுக்குக் குழந்தை பொறந்திருக்குதுங்க."

"சென்சார் பொய் சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?"

"வண்டி நல்லாத்தானே ஓடுது. அது சும்மா நொய்நொய்னு..."

ரமீஜா எழுந்து, அவர் ஓட்டி வந்திருந்த காரின் மறுபக்கம் போனாள்.

முன் சீட்டில் நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வண்டியில ஏதாவது வித்தியாசமாத் தெரியுதுங்களா?"

துளசிமணி கணவரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க."

ரமீஜா நகரவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி ஒரு வாசம் வருதுங்க" என்றார் துளசிமணி, மெதுவாக. "கால் வைக்கிற இடமும் ஈரமாவே கிடக்குது."

ரமீஜா குனிந்து தரை விரிப்பைத் தூக்கினாள். அடியில் பச்சையாகப் பிசுபிசுத்தது.

"கூலன்ட். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி உள்ளேயே ஒழுகுது. இதோட மலை ஏறியிருந்தா பாதி வழியில எஞ்சின் வெந்திருக்கும்ணா."

நாச்சிமுத்து பயந்துபோனார். அப்புறம் கோபம் வந்தது. சில பேருக்குப் பயம் முன்னால் வந்தால், கோபம் செருப்பு மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும்.

"ஏம்புள்ள, இதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்று மனைவி மேல் பாய்ந்தார்.

"சொன்னேனுங்க. வாயை மூடிட்டு வான்னீங்க."

நாச்சிமுத்துவுக்கு அவமானமாக இருந்தது.

ரமீஜா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பழைய ஃபைலை ஏத்துங்கண்ணா. வண்டி இங்கயே இருக்கட்டும். ஒழுகறதைச் சரி பண்ண ஆள் வரச் சொல்றேன்."

ஏற்றினார். மஞ்சள் லைட் மறுபடி எரிந்தது.

"அடுத்த பாடம்..." என்று இழுத்தார், பழக்க தோஷத்தில்.

"டீ போடறேன்" என்று ரமீஜா உள்ளே போய்விட்டாள்.

நாச்சிமுத்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தடவினார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"துளசி, வேற என்ன சொல்லாம வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் காத்திருந்ததே இல்லை.

"மாடிப்படி ஏறினா நெஞ்சை அடைக்குதுங்க" என்றார் துளசிமணி. "கொஞ்ச நாளா."

ரமீஜா டீயோடு வந்தபோது காருக்குள் யாரும் இல்லை. கேட்டுக்கு வெளியே இருவரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"பெரியாஸ்பத்திரிக்கு விடுப்பா" என்ற நாச்சிமுத்து, ரமீஜாவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"டீ அப்புறமாக் குடிக்கிறோமுங்க, டீச்சர். இவ இன்னும் சொல்லி முடிக்கலை."