நூல் நூற்காத மின்விசிறிகள்

ராஜபாளையத்துப் பக்கம் ஒரு நூற்பாலையில் பேச்சியப்பன் என்று ஒரு வயர்மேன் இருந்தார். பெரிய ஆலைகளுக்கான மின்கட்டணத்தை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். முதலாளி சீதாபதி நேராகப் பேச்சியப்பனிடம் வந்தார்.

"கரண்டைக் குறைக்கணும். ஆனா ஒரு மெஷினும் நிக்கக்கூடாது."

"அது எப்படிங்க ஐயா?"

"தலைக்கு மேல சுத்துதே ஃபேன், அதுவா நூல் நூக்குது? நூல் நூக்காத எதுக்கும் இங்க கரண்ட் கிடையாது!"

"அதையே எழுதிக் கொடுத்துடுங்க ஐயா."

முதலாளி எழுதிக் கையெழுத்தும் போட்டார். பேச்சியப்பன் ஃபேன்களை நிறுத்தினார். சித்திரை வெயிலில், மெஷின்களில் நின்ற பெண்கள் வியர்வையைத் துடைத்துத் துடைத்து வேலை பார்த்தார்கள். அப்புறம் மாடிக்குப் போகும் லைனையும் நிறுத்தினார்.

கால் மணி நேரத்தில் சட்டை நனைய முதலாளி இறங்கி வந்தார். "யாரைக் கேட்டு என் ஏசியை நிறுத்தினே?"

பேச்சியப்பன் சீட்டை நீட்டினார். "அதுவும் நூல் நூக்கலையே ஐயா."

"நான் அங்க உட்கார்ந்தாத்தான்யா மில்லு ஓடும்!"

"எட்டு மணி நேரம் இவங்க நின்னாத்தான் ஐயா ஓடுது" என்றார் பேச்சியப்பன், அலுப்போடு.

முதலாளி திரும்பினார். அத்தனை பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாத்தையும் போட்டு விடு" என்று முணுமுணுத்தபடி மாடியேறினார்.

ஃபேன்கள் சுற்றின. பெண்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஒரு நிமிஷம் முகத்தைக் காற்றுக்குக் காட்டிவிட்டு, அறுந்த இழைகளை ஒட்டப் போனார்கள்.