மஞ்சப் படகும் நாலு ஓட்டையும்

படுத்துட்டியா பாப்பா? இந்தக் கதை சித்தி நேர்ல பாத்தது இல்ல. என் கூட வேலை பாக்குற கிரேசாவுக்கு அவ பெரியம்மா சொன்னது. கிரேசா எனக்குச் சொன்னா. நடுவுல யாராச்சும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், நான் கூட்டல. நீ ம் சொல்லணும், சரியா?

ம்.

ஒரு ஊர்ல பனிமயம்னு ஒருத்தி இருந்தா. கடல்பாசி எடுக்குற வேலை. இருபது வருசமா தினமும் கழுத்தளவு தண்ணியில நடப்பா, முங்குவா, எந்திரிப்பா. கடலுக்குள்ளயே கெடந்தாளே தவிர, கடலுக்கு மேல ஒரு நாளாவது சும்மா உக்காந்ததில்ல. அது அவளுக்கு ஒரு ஆசை. அதனால ஒரு கயாக் வாங்கிட்டா. கயாக்னா ஒல்லியா, நீளமா, ஒரே ஒரு ஆள் உக்காந்து துடுப்புப் போடுற படகு. மஞ்சக் கலரு. லாரியில வந்து வாசல்ல இறங்குச்சு.

அப்போ அவ மதினி லூர்து வெளிய வந்து பாத்தா. லூர்துகிட்ட ஒரு ஆடு இருந்துச்சு. அதுக்குப் பேரு கலெக்டர்.

ஆடா?

ஆமா, ஆடுதான். கலெக்டருக்கு ரொம்ப நாளா தண்ணித் தொட்டி இல்ல. லூர்து படகை அளந்து பாத்தா, ஆட்டை அளந்து பாத்தா. அப்புறம் சொன்னா, "ஏட்டி பனிமயம், மூணு தடவ போய்ப் பாரு. கடலுக்குள்ள நட்டிருக்கே செவப்புத் துணி கட்டுன கம்பு, அதைத் தொட்டுட்டு வந்தா இது படகு. இல்லன்னா கலெக்டருக்குத் தொட்டி."

வாசல் லூர்தோடது. பனிமயமும் சரின்னுட்டா.

ம்.

மொத நாள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டா. அது முக்கியம், பாப்பா. துடுப்பைப் பாத்தா ரெண்டு முனையிலயும் தட்டை. ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணுன்னு குடுத்திருக்கான் போலன்னு நெனச்சுக்கிட்டா. ஒரு பக்கமாவே போட்டா. சளக் சளக் சளக். படகு கிர்ர்ர்ருனு சுத்துச்சு. கம்பு வந்துச்சு, கோயில் வந்துச்சு, மதினி வந்தா, மறுபடி கம்பு வந்துச்சு. கடைசில அலையே பாவம் பாத்து, பின்பக்கமாத் தள்ளிக் கரையில விட்டுடுச்சு. கலெக்டர் வந்து படகை ஒரு நக்கு நக்குச்சு.

ரெண்டாம் நாள். இப்போ புரிஞ்சுடுச்சு. இந்தப் பக்கம் சளக், அந்தப் பக்கம் சளக். படகு நேராப் போகுது. பாதி தூரத்துல குனிஞ்சு பாத்தா, காலுக்குக் கீழ ஓட்டை. ஒண்ணு இல்ல, நாலு. ஒவ்வொண்ணுலயும் கடல் கொப்பு கொப்புனு எட்டிப் பாக்குது. அவ ஊர்ல படகுல ஊசி நொழையுற ஓட்டை இருந்தாக்கூட அடைச்சுட்டுத்தான் சாப்பிடப் போவாங்க. பயந்துபோய்த் திரும்பி வந்துட்டா. புதுப் படகையே ஓட்டையா வித்துட்டானேன்னு கடைக்காரனை வைஞ்சுக்கிட்டே வந்தா.

ம்... அப்புறம்?

மூணாம் நாள். இதுதான் கடைசி. லூர்து சப்பாத்திக்குப் பெசஞ்சு வச்சிருந்த மாவைக் கேக்காமலே எடுத்தா. நாலு உருண்டை. ஓட்டைக்கு ஒண்ணு. நல்லா அமுக்கிட்டு, கெளம்பிட்டா.

போனா, போனா. அப்போ ஒரு அலை எழும்பித் தொபுக்குனு மேல விழுந்துச்சு. உள்ள வந்த தண்ணி வெளிய போகல. இன்னொண்ணு தொபுக். பனிமயம் இடுப்பு வரைக்கும் தண்ணியில உக்காந்திருக்கா. படகு நகரல. இருபது வருசமா தண்ணிக்குள்ள இருந்தேன், இதுலயும் தண்ணிக்குள்ளயான்னு அழுகையே வந்துடுச்சு. கரையில கலெக்டர் மே மேன்னு கூப்பிடுது.

அப்போ கீழ இருந்து ஒரு சத்தம். நொறுக். நொறுக் நொறுக். மீனுங்க. சப்பாத்தி மாவு வாசம் புடிச்சு வந்துடுச்சுங்க. ஒரு உருண்டை போச்சு, ரெண்டாவது போச்சு. ஐயோ, முங்கப் போறேன்னு கண்ணை மூடிக்கிட்டா.

கொளக்.

கொளக், கொளக், கொளக். உள்ள இருந்த தண்ணியெல்லாம் அந்த ஓட்டை வழியாவே இறங்கிப் போகுது. படகு மெதுவா மேல வருது. அப்புறம் பாக்கணுமே. சளக், சர்ருனு வழுக்கிட்டுப் போகுது. காத்து கழுத்துல படுது. கீழ பாசி பச்சையா ஆடுது, அதை எடுக்க வேண்டாம், சும்மா பாத்தாப் போதும். அவளுக்குச் சிரிப்பா வந்துச்சு. கம்பைத் தொட்டா. ஒரு தடவ தொட்டா போதாதுன்னு மூணு தடவ தொட்டா.

கரைக்கு வந்தா. லூர்து இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறா.

"என் மாவு எங்கட்டி?"

"மீனு தின்னுட்டு, மதினி."

லூர்து படகைப் பாத்தா, ஓட்டையப் பாத்தா. நாளைக்கு நானும் ஒரு சுத்துப் போய்ட்டு வாரேன், மாவு எடுக்காதன்னு சொல்லிட்டு ஆட்டை இழுத்துக்கிட்டுப் போயிட்டா. கலெக்டர் வர மாட்டேன்னு நாலு காலையும் ஊனிக்கிச்சு.

பாப்பா? ம் காணோமே. சரி. படகு கரை சேந்துடுச்சு, நீயும் கண்ணை மூடிக்கோ.

அப்புறமா நான் படகு விக்கிற கடையில கேட்டேன். அந்த ஓட்டை உண்மைதான், ஏறுற தண்ணி இறங்குறதுக்குன்னே வைக்கிறதாம். மீன் விசயம் எனக்குத் தெரியாது. ஆனா ஒரு ஞாயித்துக்கெழமை கிரேசா கூட அந்தக் கரைக்குப் போய்ப் பாத்தேன். அங்க எல்லாப் படகுலயும் சாமி பேரு எழுதியிருக்கு. மஞ்சப் படகுல மட்டும் பெருசா "தொட்டி"ன்னு எழுதியிருக்கு.