பார்க்குக்குக் கூட்டிட்டுப் போற அப்பா

விருதுநகர்ல பிலோமினா மிஸ் இங்கிலீஷ் டியூஷன் நடத்துறாங்க. அவங்ககிட்ட தொழில் பழக வந்தவரு வைரமணி. எம்.ஏ. முடிச்சவரு.

மிஸ்கிட்ட வீட்டுப்பாடத்தோட வர்ற பிள்ளைங்க பேனாவக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். மிஸ் கேள்வியா கேப்பாங்க. "உங்க வீட்டு ஆடு என்ன கலரு? முட்டுமா? யார முட்டுச்சு?" அரைப் பாரா எழுதுறதுக்குள்ள கரண்ட் போயி வந்துரும்.

வைரமணி பக்கம் ஒரே வேகம். கண்ண மூடிக்கிட்டு, மந்திரம் சொல்ற மாதிரி: "மை ஃபாதர் இஸ் எ குட் மேன், ஃபுல் ஸ்டாப். எவ்ரி சண்டே, கமா, ஹி டேக்ஸ் மீ டு த பார்க், ஃபுல் ஸ்டாப். எழுதியாச்சா? மூடு. அடுத்த ஆளு வா."

ஒரு நாள் கேட்டாரு.

"மிஸ், எங்கிட்ட வந்தா அஞ்சு நிமிஷம். ஸ்கூல்ல 'குட்'னு எழுதியும் வாங்கிட்டு வருதுங்க. நீங்க ஏன் அதுங்களப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

மிஸ் பதில் சொல்றதுக்குள்ள வாசல்ல ஒரு ஆளு வந்து நின்னாரு. முழங்கை வரைக்கும் மைதா. பரோட்டா மாஸ்டர் காசிமாயன். அவரு மக முத்தரசி ஏழாவது படிக்கிறா, டியூஷன் இங்கதான்.

"வைரமணி சாருங்களா? புள்ள அவ அப்பனப் பத்தி எழுதுனதுக்கு ஸ்கூல்ல குட் போட்டிருக்காங்க சார்."

வைரமணி மிஸ்ஸப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு. பாத்தீங்களாங்கிற சிரிப்பு.

"என்னத்தா எழுதுனன்னு கேட்டேன். ஞாயித்துக்கெழம ஆனா எங்கப்பா என்னையப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு படிச்சுக் காட்டுறா. ஒரு நாளும் போனதில்ல சார். ஞாயித்துக்கெழமதான கடையில கூட்டமே."

சிரிப்பு நின்னுருச்சு.

"மொதலாளிகிட்ட லீவு கேட்டேன். ஞாயித்துக்கெழம வரலைன்னா அப்புறம் வரவே வேணாம்னுட்டாரு."

"அப்ப என்ன செஞ்சீங்க?"ன்னாரு வைரமணி.

"வேல போனாப் போகுது. அது வேணும் இது வேணும்னு வாயத் தொறந்து கேக்காத புள்ள சார். இங்கிலீசுல எழுதிக் கேட்டிருக்கா. இப்ப நேரா கடைக்குத்தான் போறேன், வரலைன்னு சொல்லிட்டு வந்துர."

போகல. வாசல்லயே நின்னாரு.

"அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. அது அவளா நெனச்சு எழுதுனதுதான சார்?"

ஆமான்னா இந்த மனுசனுக்கு வேல போகுது. இல்லைன்னா, இந்த மூஞ்சியப் பாத்து அத எப்படிச் சொல்றது? வைரமணி மெதுவா மிஸ் பக்கம் குனிஞ்சாரு.

"மிஸ், என்ன சொல்லட்டும்? நீங்களே ஒரு பதில் சொல்லிக் குடுங்க மிஸ்."

மிஸ் ஒரு நாற்காலிய இழுத்துக் காசிமாயனுக்குப் போட்டாங்க.

"உக்காருங்கண்ணே. சார் சொல்வாரு."

அப்புறம் வைரமணி பக்கம் திரும்புனாங்க.

"சொந்தமா சொல்லுங்க சார். ரெண்டு வரி போதும்."