கிழித்த வேட்டி

அந்தக் காலத்தில், ஆடும் கோழியும் மனிதனிடம் வாய்கொடுத்து வம்பு வளர்த்த நாளில், சின்னாண்டியின் மாமனார் அடிக்கடி ஒரு பேச்சை எடுப்பார். "ஆசப்பட்டுக் கட்டுன துணி இருக்கே மாப்ள, அது மனுசனுக்கு... என்னவோ சொல்லுவாரு எங்கப்பாரு. வாய்க்குள்ளயே நிக்கிது." அதற்குமேல் அவருக்கு வராது.

சின்னாண்டி ஆசைப்பட்டுக் கட்டியது ஒன்றே ஒன்றுதான், ஒரு வேட்டி. அதைக் கட்டிக்கொண்டுதான் பெருமாயிக்குத் தாலி கட்டினான். முதல் விளைச்சல் சோளத்தை அதில்தான் மூட்டை கட்டித் தூக்கி வந்தான். அப்பன் செத்த அன்று முகம் புதைத்து அழுததும் அதில்தான். தேய்ந்து தேய்ந்து வாழைக்குருத்தாய் மெலிந்துவிட்ட அதை யாரையும் தொட விடமாட்டான். ஓடையில் அவனே அலசி, காயும்வரை காவல் இருப்பான்.

"அதுக்கும் ஒரு தாலியக் கட்டிருங்களேன்" என்பாள் பெருமாயி.

மார்கழியில் அவர்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. வேலிக்கு அப்பாலிருந்து செம்மறி ஆடு எட்டிப் பார்த்தது.

"என்னய்யா, உரிச்ச வெங்காயமாட்டம் கெடக்கு? எங்க குட்டியெல்லாம் சட்டையோட பொறக்குது. இது பனியத் தாண்டாது."

அந்த ஊரில் மார்கழியில் பிறந்த பிள்ளை எதுவும் தையைப் பார்த்ததில்லை.

பிள்ளைக்குப் போர்த்துவது புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். மாமனார் தறியிலிருந்து இறக்கிய கோடித் துணியைச் சுற்றினார். கஞ்சி மொடமொடப்பில் அது உடம்பில் படியாமல் கூடாரம்போல் விறைத்து நின்றது. பிள்ளை வீறிட்டது. குளிருகிறது போல என்று இன்னொரு கோடியைச் சுற்றினார்கள். அதன்மேல் மற்றொன்று. இடுக்கெல்லாம் பனி புகுந்தது. பால் குடிக்காமல் அழுத பிள்ளை, கடைசியில் அழவும் மறந்தது. உதடு நீலம் பாரித்தது.

"ஏங்க, காலு சில்லுனு ஆயிருச்சுங்க!" பெருமாயி அலறினாள்.

சின்னாண்டி கோடிகளை உருவி எறிந்தான். இடுப்பு வேட்டியை அவிழ்த்துக் கோவணத்தோடு நின்றான்.

"கந்தலையா போடப்போற? ஊரு சிரிக்கும் மாப்ள!"

"சிரிக்கட்டும் மாமா."

பல்லைக் கடித்துக்கொண்டு நடுவில் கிழித்தான். அந்தச் சத்தம் அவன் முதுகுத்தண்டில் இறங்கியது. உடம்புச் சூடு ஆறாத பாதியைப் பிள்ளைக்குச் சுற்றினான். துணி குழைந்து, தோலோடு தோலாய் ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிள்ளை மூக்கைச் சுருக்கி ஒரு தும்மல் போட்டது. முலை தேடி வாயைத் திறந்தது. மாமனார் கோடிகளை மிதித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்: "பொழச்சுக்கிட்டான் என் பேரன்!"

தை பிறந்தது. ஊர்ப் பெண்கள் குலவையிட, சின்னாண்டி பிள்ளையை வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினான். "பாத்தியா?"

செம்மறி அசைபோடுவதை நிறுத்தியது. "எங்க தோலு எங்க கூடவே பொறக்குது. நீங்க உங்க தோல கட்டிக் கட்டி வளக்கிறீங்க. ஒத்துக்கறேன், போய்யா."

அன்று தொட்டுத்தான், பெட்டி நிறையப் புதுத்துணி காத்திருந்தாலும், பிறந்த பிள்ளையை வீட்டார் கட்டிப் பழகிய பழந்துணியில் முதலில் ஏந்துகிறார்கள்.

சின்னாண்டி மொடமொடத்த கோடி ஒன்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, மிஞ்சிய பாதி வேட்டியை அடுத்த பிள்ளைக்கென்று மடித்து வைத்தான்.