புதுசு கெடாத சமையல்கட்டு

கையை விடுடா. ரூமுக்குள்ள இழுத்துட்டு வந்து கத்துனா கடுகு திரும்ப சட்டிக்குள்ள போயிடாது.

ஆமா, நான்தான் தாளிச்சேன். உன் புது வீட்டுல, உன் புது அடுப்புல, பால் பொங்கி இறக்குன கையோட தாளிச்சேன். வெள்ளைக் கதவெல்லாம் எண்ணெய் தெறிச்சிடுச்சு. துணி எடுத்துத் தொடை. போகும்.

என்னது, கூடப் பொறந்தவ பண்ற வேலையாவா? கூடப் பொறந்ததாலதான்டா பண்ணினேன்.

ஆனா நஸீமா மிஸ்ஸை இதுல இழுக்காத, கதிரேசா. அவங்க தூண்டி விட்டாங்களாம்ல? அவங்க என்ன பண்ணினாங்கன்னு உனக்குத் தெரியுமா? நீ அன்னைக்குக் கடையில இருந்த. கேளு.

நாப்பது வயசுல நான் இன்டீரியர் டிசைன் படிக்கப் போனதுக்குச் சிரிச்சவன்தானே நீ. அங்க பாடம் எடுக்கறவங்க மிஸ். என்னை விட சின்னவங்க. நான் மிஸ்னு கூப்பிடுவேன், அவங்க என்னை அக்காம்பாங்க.

இந்த வீட்டுக்கு நான் போட்ட மொத பிளானை அவங்ககிட்ட நீட்டினேன்.

"தம்பி என்ன கேட்டாரு அக்கா?"

"சமையல்கட்டு காலத்துக்கும் உழைக்கணும்னான். எப்பப் பார்த்தாலும் புதுசா இருக்கணும்னான்."

முன்னாடி பளபளன்னு ஒரு சமையல்கட்டு. பின்னாடி, வாஷிங் மெஷின் வெக்கிற யுட்டிலிட்டி சந்துல, நிஜமா சமைக்கறதுக்கு ரெண்டு பர்னர். ஊர்ல எல்லாரும் கட்டுறதுதானே.

மிஸ் பார்த்தாங்க. அந்தச் சந்து மட்டும் மேல தெரியற மாதிரி மீதித் தாளை மடிச்சாங்க. மடிச்சு மடிச்சு உள்ளங்கை அளவுக்கு வந்துடுச்சு. என் கையில வெச்சாங்க.

"என்ன மிஸ் இது?"

"தம்பி சம்சாரம் இருக்கற இடம்."

எனக்குச் சுர்ருனு வந்துச்சு. வாரம் பூரா உக்காந்து போட்ட பிளான். பொட்டலம் மாதிரி மடிச்சுக் குடுத்தா?

"புதிர் போடாதீங்க மிஸ். இப்ப அவன் இருக்கற வீட்டுலயும் இதே மாதிரிதான். கட்டி ஒன்பது வருஷம். ஒரு கீறல் கிடையாது. வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க."

"வாங்க, போலாம்."

மாட்டேம்பாங்கன்னு நெனச்சேன். என் ஸ்கூட்டில ஏறி உக்காந்துட்டாங்க.

உன் பழைய வீட்டு சமையல்கட்டுல நின்னு நான் பாடம் எடுத்தேன். அவங்களுக்கே.

"கதவைப் பாருங்க. கீலைப் பாருங்க. கைப்பிடி மேல கம்பெனிக்காரன் ஒட்டின பிளாஸ்டிக் கூட இன்னும் உரிக்கல."

மிஸ் ஒரு டிராயரைத் தொறந்தாங்க. பழைய கல்யாணப் பத்திரிகை. இன்னொண்ணைத் தொறந்தாங்க. மடிச்சு வெச்ச ஜவுளிக்கடைப் பை. சிம்னிக்குள்ள விரலை விட்டுத் தேய்ச்சாங்க. விரல் சுத்தமா வெளிய வந்துச்சு.

"உழைச்சிருக்கா இல்லையா? சொல்லுங்க மிஸ்."

மிஸ் பின்னாடி சந்துக்கு நடந்தாங்க.

அங்க உன் பொண்டாட்டி மிளகாய் வறுத்துட்டு இருந்தா. தலைக்கு மேல கொடியில உன் சட்டை. ஜன்னல் கிடையாது. உப்பு டப்பாவுக்குப் பக்கத்துல, அவ இளைப்புக்கு அடிக்கற இன்ஹேலர்.

"உள்ள வராதீங்க மிஸ், நெடி"ன்னா மேகலா. "தும்மல் வந்தா மிளகாய் பதமா வறுபட்டிருக்குன்னு எங்கம்மா சொல்லும். எனக்கு மூச்சே வரல. அப்ப சூப்பரா வறுபட்டிருக்கு."

சிரிச்சா. பாதிச் சிரிப்பு இருமலாப் போச்சு.

"முன்னாடி வெச்சு சமைக்கலாமேங்க?"

"ஐயோ, அழுக்காயிடும்!"

"எது?"

"சமையல்கட்டு."

மிஸ் அவ கையில இருந்து கரண்டியை வாங்கினாங்க. "நீங்க கொஞ்ச நேரம் முன்னாடி போய் நில்லுங்க." அவ போனா.

"அக்கா, உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க."

சாத்தினேன்.

"இப்ப உங்க பிளானை விளக்குங்க."

மிளகாயைக் கிளறிட்டே கேக்கறாங்க.

"இது யுட்டிலிட்டி மிஸ். இங்க ரெண்டு..." தொண்டை அடைச்சிருச்சு.

"கேக்கல அக்கா."

"இங்க ரெண்டு பர்னர்... அந்தப் பக்கம்..." கண்ணு தெரியல எனக்கு.

"மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவங்க கண்ணுலயும் தண்ணி கொட்டுது. கிளறுறதை நிறுத்தல.

நான் கதவைத் தொறந்துட்டு ஓடினேன்டா.

முன்னாடி மேகலா நின்னுட்டு இருந்தா. அந்த மேடை மேல கை பட்டுடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுத்திக்கிட்டு. அவ வீட்டுல, யாரோ வீட்டுக்கு வந்தவ மாதிரி நின்னா.

அன்னைக்கே அந்தத் தாளைக் கிழிச்சேன். வேற போட்டேன். ஒரே சமையல்கட்டு. அடுப்புக்குப் பக்கத்துல ஜன்னல். என்ன கொட்டினாலும் தேய்ச்சுக் கழுவுற கருங்கல். மேகலா முழங்கைக்குச் சரியா மேடை. கிரைண்டர் கல்லைத் தூக்கி அல்லாட வேண்டாம்னு அதுக்குத் தாழ்வா ஒரு திட்டு.

"இப்ப சரியா மிஸ்?"

"என்னை ஏன் கேக்கறீங்க?"

மேகலாகிட்ட காட்டினேன். பென்சிலை வாங்கி ஜன்னலை இன்னும் அகலமாக்கினா. வேற எதையும் தொடல.

அதைப் பார்த்துட்டு நீ என்னடா பண்ணின? "பிரமாதம்க்கா"ன்ன. வேலை நடக்கும்போது வராத, சர்ப்ரைஸ்னு சொன்ன. இன்னைக்கு வந்து பார்க்கறேன், நான் கிழிச்சதை நீ கட்டி வெச்சிருக்க. முன்னாடி பளபள. பின்னாடி அதே சந்து. நான் கிழிக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பிளானை நீ போட்டோ எடுத்து வெச்சிருந்தியாம். நல்ல சர்ப்ரைஸ்.

அப்பவும் விசேஷ வீடுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

பால் பொங்குச்சு. எல்லாரும் பொங்கலோ பொங்கல்னு குதிக்காத குறை. மேகலா பாத்திரத்தை இறக்கினா. அடுப்பு சூடு ஆறல, நீ தொடைச்சு, கண்ணாடி மூடியைப் போட்டு, அது மேல பூச்சாடியை வெச்ச. வெச்சுட்டு வந்தவங்ககிட்ட பெருமையா என்ன சொன்ன?

"அவ்ளோதான். இனிமே இது இப்படியே இருக்கும்."

நான் மேகலா முகத்தைப் பார்த்தேன். நீ பார்க்கல.

அதுக்கப்புறம்தான் பூச்சாடியை எடுத்துக் கீழ வெச்சேன். சட்டியை வெச்சேன். எண்ணெய், கடுகு, மிளகாய்.

மிஸ் ஒரு வார்த்தை பேசல. நீ "அக்கா! அக்கா!"ன்னு அலறும்போது, அவங்க கூட்டத்துக்குள்ள இருந்து கையை நீட்டி சிம்னி சுவிட்சைப் போட்டாங்க. அவ்ளோதான் அவங்க பண்ணின குத்தம்.

இப்ப என்ன, மெதுவாப் பேசணுமா? வெளிய கேக்குதா?

கேக்கட்டும். நகரு, கதவைத் தொறக்கறேன்.

ஹால்ல மேகலாவோட அப்பா உக்காந்திருக்காரு. நம்ம சித்தப்பா இருக்காரு. பந்தியில பாதிப் பேர் இன்னும் எந்திரிக்கல. என்கிட்ட கத்தினியே, அதே சத்தத்தோட அவங்க நடுவுல போய் நில்லு. மேகலாவைப் பார்த்துச் சொல்லு.

நாளைக்குக் காலைல அவ எங்க நின்னு இட்லி ஊத்தணும்? சொல்லுடா.