மைக் வைத்த நாற்காலி

ஐம்பத்தாறு வயதில் திலகவதி ஒருவரிடம் சிஷ்யையாகச் சேர்ந்தாள். குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. பெயர் ராயப்பன். சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே, மாடியறையில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பழுது பார்ப்பவர். அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

முப்பது வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதித்தவள் அவள். அளந்து பார்த்த எண்ணைத் தவிர வேறு எதையும் சுலபத்தில் நம்ப மாட்டாள். ஒரு நாள் ரிப்பேருக்கு ஹெட்போன் கொடுக்க வந்தவள், மேசையில் மீட்டரின் முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தாள். சால்டரிங் வைக்கக் கற்றுக்கொண்டாள். கேள்வி கேட்டுத் துளைத்தாள். ராயப்பன் பாதிக்குத்தான் பதில் சொல்வார்.

அன்று அவள் கொண்டுவந்தது வீட்டுக் கேள்வி.

ஏழு மாதம் முன்புதான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவளுக்கு அது முதல் கல்யாணம். கணவர் சிதம்பரநாதனுக்கு இரண்டாவது. பொதுப்பணித் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். முதல் மனைவி இறந்து நான்கு வருடம்.

திலகவதிக்குச் சினிமா என்றால் உயிர். அவர் வீட்டுக்கு அவள் கொண்டுபோன சாமான்களில் பெரியது, படத்தின் சத்தத்தைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர். அந்த வீட்டில் ஏற்கெனவே நாற்பது வருடப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. அலுமினிய முகம், தேங்காய் மூடி அளவுக்கு வால்யூம் குமிழ். அதைத் தூக்கிப் போடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. இரண்டையும் சேர்க்க முடியுமா என்பதுதான் அவளுக்குக் குறுகுறுப்பாக இருந்தது.

முடியும் என்று ராயப்பன் வழி சொல்லியிருந்தார். ரிசீவரின் முதுகிலிருந்து ஒரு ஜோடி ஒயர் பழையதற்குப் போகும். முன்னால் நிற்கும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைப் பழையது ஓட்டும். படத்தில் பேசுவது வரும் நடு ஸ்பீக்கரையும், பின்னால் உள்ளவற்றையும் ரிசீவரே ஓட்டும். பழையதன் குமிழை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ரிசீவரோடு வந்த சின்ன மைக்கை வைத்து அளக்க வேண்டும். அது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சத்தம் அனுப்பி, எல்லாவற்றையும் சமன் செய்துகொள்ளும். அதன் பிறகு கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவரின் ரிமோட்டில்தான். குமிழைத் தொடக் கூடாது.

"அவர் தொடறார் மாஸ்டர்," என்றாள் திலகவதி.

"ம்."

"பாதியில வெச்சு அளந்திருக்கேன். அவர் கால்வாசிக்குக் குறைச்சுடறார். பேச்சு மட்டும் தூக்கலா கேக்குது, பாட்டெல்லாம் அடங்கிப் போகுது. நான் பாதிக்குக் கொண்டுபோவேன். சாயங்காலம் பார்த்தா மறுபடியும் கால்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். இவ்வளவு சத்தம் எதுக்குங்கறார். ரிமோட்டுல குறைங்கன்னா, எனக்கு இதுதான் பழக்கம்ங்கறார்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். எந்தத் தேதியில் குமிழ் எங்கே இருந்தது என்று எழுதி வைத்திருந்தாள். பதினோரு தடவை.

"ஒரு வழி யோசிச்சேன். உள்ளே ஒரு ரெசிஸ்டரை வெச்சு அளவை நிரந்தரமா நிறுத்திடலாம். வெளியில குமிழ் சும்மா சுத்தும். அவருக்குத் தெரியவே தெரியாது. செஞ்சு தருவீங்களா?"

ராயப்பன் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார்.

"செய்யலாம். அரை மணி நேர வேலை. மைக்கை எங்க வெச்சு அளந்தீங்க?"

"என் நாற்காலியில. டிவிக்கு நேரா."

"அவர் எங்க உக்காருவார்?"

"பின்னால, ஓரமா. உள் ரூம் கதவுகிட்ட ஒரு மர நாற்காலி. அங்கேருந்து டிவி பாதிதான் தெரியும். முன்னால வாங்கன்னா வர மாட்டார்."

"மைக் இருக்கற இடம்தான் ரிசீவருக்குக் காது. உங்க காதைத்தான் அதுக்குத் தெரியும்."

"அப்ப மைக்கை அவர் நாற்காலியில வைக்கணுமா?"

"மைக் வேண்டாம். நீங்க உக்காருங்க."

"உக்காந்து?"

"படம் ஓடட்டும். என்ன கேக்குதுன்னு வந்து சொல்லுங்க. வரும்போது ஆம்ப்ளிஃபயரைக் கொண்டாங்க. மாத்தித் தரேன்."

செவ்வாய்க்கிழமை பகலில் சிதம்பரநாதன் போஸ்ட் ஆபீசுக்குப் போயிருந்தார். திலகவதி ஒரு படத்தை ஓடவிட்டு, குமிழைப் பாதியில் வைத்து, அவருடைய மர நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு.

இடப்பக்க ஸ்பீக்கர் தூக்கல். பேச்சு மங்கல். எழுதிக்கொண்டாள். எழுந்து போய் குமிழைக் காலுக்குக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது.

திரும்பிப் பார்த்தாள். உள் ரூமில் காலண்டர் தாள் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் கட்டில். முதல் மனைவி மரகதம் மூன்று வருடம் படுத்திருந்த ரூம் அது என்று அவளுக்குத் தெரியும். இப்போது அங்கே ஓர் இஸ்திரி மேசையும் போட்டிருந்தது.

குமிழைப் பாதிக்கு ஏற்றினாள். காலண்டர் கேட்கவில்லை. காலுக்கு இறக்கினாள். கேட்டது. லேபில் சந்தேகமான ரத்தத்தைச் சோதிப்பது போல மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அதேதான்.

சிதம்பரநாதன் வாசலில் நின்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அங்க ஏன் உக்காந்திருக்கே?"

"இங்கேருந்து என்ன கேக்குதுன்னு பாத்தேன்."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"கடைசியில அவளுக்குக் குரல் வரல," என்றார். "டம்ளரால கட்டில்ல தட்டுவா. நான் இங்க உக்காந்து பாட்டுக் கேட்டுட்டு இருப்பேன். ஒரு நாள் தட்டினது காதுல விழல."

திலகவதி எழுந்தாள். "அன்னிக்குத்தான் அவங்க…?"

"இல்ல, இல்ல. தண்ணிதான் கேட்டிருக்கா. ரொம்ப நேரம் தட்டியிருக்கா." செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "அப்புறம் நான் கூட்டறதே இல்ல."

அதை அவள் நோட்டில் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு மாடிப்படி ஏறி வந்தவளின் கையில் ஒன்றும் இல்லை.

"ஆம்ப்ளிஃபயர் எங்க அக்கா?"

"கொண்டாரல."

"என்ன கேட்டுச்சு?"

"உள் ரூம்."

ராயப்பன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என் நாற்காலியைத் தூக்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்துல போட்டேன். டிவியைக் கொஞ்சம் திருப்பி வெச்சேன். குமிழைத் தொடவே இல்ல, அவர் வெச்ச காலுலயே விட்டுட்டேன். ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல மைக்கை வெச்சுத் திரும்ப அளந்தேன்."

"அவர் இருந்தாரா?"

"இருந்தார். அளக்கும்போது பேசக் கூடாது, அசையக் கூடாதுன்னு சொன்னேன். போட்டோ ஸ்டுடியோவுல உக்கார்ற மாதிரி மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்தார். முடிஞ்சதும், என்னைப் பத்தி என்ன சொல்லுது உன் மெஷின்னு கேட்டார்." சிரித்தாள். "நடு ஸ்பீக்கரை அதுவே தாழ்த்திக்கிச்சு மாஸ்டர். மொத்தத்துல சத்தம் கம்மிதான். ஆனா பாட்டும் பேச்சும் ஒண்ணா கேக்குது. உள் ரூமும் கேக்குது."

"அப்புறம் என்ன அக்கா?"

"வியாழக்கிழமை ஒரு பாட்டு ஓடிட்டு இருந்தது. எழுந்து போய் குமிழைக் கூட்டினார். அவராவே. கொஞ்சம்தான், ஒரு நூல் அளவு." அவள் முன்னால் சாய்ந்தாள். "சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா அளந்தது போச்சு. இனிமே என்னிக்குக் கூட்டுவார், என்னிக்குக் குறைப்பார்னு எனக்குத் தெரியாது. எந்த இடம் சரியான இடம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"மறுபடி அளங்க."

"ஒவ்வொரு தடவையுமா?"

"மூணு நிமிஷம்தானே, அக்கா."