சுற்றளவு சரி, அரசே!

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் கையில் அளவுகோல் ஒன்று அகப்பட்டுக்கொண்டது. அந்த நாட்டுக்குப் பிடித்த சனி அன்றுதான் தொடங்கியது.

ராஜாவின் பெயர் கீர்த்திசேனர். நல்லவர்தான். ஆனால் புதிதாக எதையாவது தெரிந்துகொண்டால் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். வெளிதேசத்திலிருந்து வந்த கணிதப் பண்டிதர் ஒருவர் அவருக்குச் சுற்றளவு காணும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். சதுரமா, ஒரு பக்கத்தை அளந்து நான்கால் பெருக்கு. நீள்சதுரமா, நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டிப்பாக்கு. முக்கோணமா, மூன்று பக்கங்களையும் கூட்டு. வட்டமா, குறுக்களவைப் போல மூன்று மடங்கும் இன்னும் கொஞ்சமும். அவ்வளவுதான். பண்டிதர் சால்வையை வாங்கிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவர்கள் அரண்மனைக்காரர்கள்.

ராஜா காலையில் எழுந்ததும் கோலும் கயிறுமாகப் புறப்பட்டுவிடுவார். ஜன்னலை அளப்பார். குளத்தை அளப்பார். அப்பளத்தைப் பொரிப்பதற்கு முன்னால் அளந்து, பொரித்த பிறகும் அளந்து, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று சமையல்காரனைக் கடிந்துகொள்வார். தளபதியின் இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டதும் தளபதி எல்லையில் கலவரம் என்று பொய் சொல்லி ஓடிப்போனார். ராணி அந்தப்புரத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

எல்லோரையும்விட நொந்துபோனவன் ஆவுடையப்பன். அவன் அந்தச் சபையின் விகடகவி. கயிற்றின் மறுமுனையை அவன்தான் பிடிக்க வேண்டும் என்பது ராஜாவின் விருப்பம். "சிரிக்க வைக்க வந்தவனைக் கயிறு பிடிக்க வைத்துவிட்டாரே" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

இந்தக் கூத்தில் சந்தோஷப்பட்டவர் ஒருவர் உண்டு. அமைச்சர் நரசிங்கனார். அரண்மனைக்குப் பக்கத்தில் குயவர்களின் சூளைத் திடல் இருந்தது. அங்கே தமக்கு ஒரு மாளிகை கட்ட வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஆசை. ராஜா நல்ல குஷியில் இருந்த ஒரு காலைப்பொழுதில் அவர் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"அரசே, சூளைத் திடல் பக்கத்துக்கு நாற்பது கோல் உள்ள சதுரம்."

"சுற்றளவு நூற்றறுபது கோல்!" என்றார் ராஜா உடனே.

"தங்கள் கணக்கு தப்புமா! வாய்க்கால் கரையில் எனக்கு ஒரு நிலம் இருக்கிறது. நீளம் எழுபத்தொன்பது கோல், அகலம் ஒரு கோல்."

ராஜா விரல் விட்டு எண்ணினார். "எழுபத்தொன்பதும் ஒன்றும் எண்பது. இரட்டித்தால்... அட! அதுவும் நூற்றறுபது!"

"அதனால்தான் அரசே, அதைக் குயவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் திடலை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். யாருக்கும் நஷ்டமில்லை."

ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தம் வித்தை நாட்டுக்குப் பயன்படுகிறதல்லவா! அன்றைக்கே முரசறைந்து ஆணை பிறப்பித்தார்: 'சுற்றளவு ஒன்றானால் பொருளும் ஒன்றே. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் தாராளமாக மாற்றலாம். இதை எதிர்த்து யாரும் முறையிடக் கூடாது.'

குயவர்கள் சட்டிபானைகளைச் சுமந்துகொண்டு வாய்க்கால் கரைக்குப் போனார்கள். ஒரு கோல் என்பது ஓர் ஆள் உயரம். குறுக்கே படுத்தால் தலை வேலியில் முட்டும், கால் தண்ணீரில் நனையும். நரசிங்கனாரின் ஆட்கள் பழைய சூளையை இடித்துத் தள்ளினார்கள். முறையிடக் கூடாது என்று தெரிந்தும் குயவர்களின் தலைவி அங்கம்மை சபைக்கு வந்து நின்றாள்.

"ராசா, ஒரு கோலு அகலத்துல என்னத்தப் பண்றது? சூளை போட்டா நாங்க நிக்க எடமில்ல. நாங்க நின்னா சக்கரம் வைக்க எடமில்ல. காயவச்ச பானையில பாதி வாய்க்கால்ல உருண்டு போச்சு. மழை வேற வரப்போகுது. புள்ளகுட்டிங்கள வரிசையா நிக்க வச்சுத் தூங்கவைக்கவா?"

ராஜா நிஜமாகவே குழம்பிப்போனார். "நானே கணக்குப் போட்டேனே அம்மா! ஒரு விரற்கடைகூடக் குறையவில்லையே!"

ஆவுடையப்பனால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்தான்.

"அரசே, சுற்றளவு என்பது வேலியின் நீளம். வேலிக்குள் எவ்வளவு இடம் அடங்கும் என்பது வேறு கணக்கு."

"நூற்றறுபதும் நூற்றறுபதும் சமமா, இல்லையா?"

"சமம்தான், அரசே. ஆனால் நிலம் சமமில்லை."

"எண் சமமென்றால் நிலம் எப்படிச் சமமில்லாமல் போகும்?"

ஆவுடையப்பன் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து முடிச்சிட்டுத் தரையில் போட்டான். சதுரமாக வைத்துக் காட்டினான். பிறகு இரண்டு பக்கமும் இழுத்து ஒடுக்கிக் காட்டினான். "பாருங்கள், உள்ளே இருந்த இடம் எங்கே போயிற்று?"

"எங்கே போகும்? கயிறு அதே கயிறுதானே!" என்றார் ராஜா.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னான். ராஜா மறுபடி முதலிலிருந்து அதையே கேட்டார். உச்சிவேளை ஆகியும் பேச்சு ஓர் அங்குலம் நகரவில்லை. நரசிங்கனார் இதுதான் சமயம் என்று ராஜாவின் காதருகே குனிந்தார்.

"அரசரின் ஆணையை ஒரு விகடகவி சபை நடுவே ஏளனம் செய்வதா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "ஆவுடையப்பா! சுற்றளவைப் பற்றி இனி ஒரு சொல் பேசினாலும் நீ இந்த நாட்டில் இருக்க முடியாது."

ஆவுடையப்பன் கைகூப்பினான். "பேசவில்லை, அரசே. தங்கள் ஆணைப்படியே நடக்கிறேன். அந்த ஆணை அரண்மனைக்கும் உண்டுதானே?"

"நாடு முழுவதற்கும் உண்டு! அரண்மனை என்ன, அயல்தேசத்திலா இருக்கிறது?"

வாசலுக்கு வந்ததும் அங்கம்மை அவனைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சாமி, நீங்களும் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துட்டீங்க?"

"அம்மா, சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சொல்லிப் புரியாத மனிதருக்குப் பட்டால்தான் புரியும். நாளை ஒரு பகல் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்."

மறுநாள் காலை ராஜா குளித்துவிட்டு ஈரத்தோடு கையை நீட்டினார். பணியாள் துண்டு என்று ஒன்றைக் கொடுத்தான். அது ஏறக்குறைய ஆறு முழ நீளம், அகலமோ விரலளவு.

"இது என்னடா, நாடாவா?"

"துண்டுதான், மகாராஜா. ஆவுடையப்பர் மாத்திக் குடுத்தாரு. பழைய துண்டும் சுத்தி அளந்தாப் பன்னிரண்டு முழந்தான், இதுவும் பன்னிரண்டு முழந்தான். சுற்றளவு சரி."

தம் ஆணை தமக்கே எதிரில் நிற்கும்போது என்ன சொல்வது? ராஜா அந்த நாடாவால் முதுகைத் துடைக்கப் பார்த்தார். அது கழுத்தில் சுற்றிக்கொண்டது. தும்மிக்கொண்டே சாப்பிடப் போனார்.

அங்கே அவருடைய தலைவாழை இலையைக் காணோம். நான்கு சாண் நீளமும் இரண்டு சாண் அகலமுமான இலைக்குப் பதில், ஐந்தரைச் சாண் நீளத்தில் அரைச் சாண் அகலத்தில் ஒரு கீற்று கிடந்தது. சமையல்காரன் கண்ணை மூடிக்கொண்டு பரிமாறினான். சோறு எறும்பு ஊர்கிறமாதிரி வரிசையாகப் போயிற்று. குழம்பு இரண்டு பக்கமும் தரையில் இறங்கியது. பருப்பு வேண்டுமென்றால் ராஜா எழுந்து நாலடி நடக்க வேண்டியிருந்தது. பாயசம் இலையில் தங்கவே இல்லை.

"இதில் மனிதன் சாப்பிடுவானா?" என்று கத்தினார் ராஜா.

"சுற்றளவு சரி, மகாராஜா" என்றான் சமையல்காரன், அப்பள வசவுகளையெல்லாம் நினைத்துக்கொண்டு.

பசியும் கோபமுமாக ராஜா பகல் தூக்கத்துக்குப் போனார். கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் தடாலென்று சத்தம். "ஆவுடையப்பா!" என்ற கூச்சல் கோட்டை வாசல்வரை கேட்டது.

ஆவுடையப்பன் வந்தான். பின்னாலேயே நரசிங்கனாரும் மூச்சிரைக்க வந்தார். ராஜா தரையில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். ஐந்து முழ நீளமும் நான்கு முழ அகலமும் கொண்ட அவருடைய கட்டில் இருந்த இடத்தில், எட்டரை முழ நீளத்துக்கு ஒரு பலகை கால் முளைத்து நின்றது. அகலம் அரை முழம். அதன்மேல் அழகாகப் பட்டு விரித்திருந்தது.

"இது என்ன?"

ஆவுடையப்பன் வாயைத் திறக்கவில்லை. கோலை எடுத்துப் பலகையின் நான்கு பக்கமும் பொறுமையாக அளந்து, பதினெட்டு முழம் என்று விரலால் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"வாயில் என்ன கொழுக்கட்டையா? பேசு!"

"பேசினால் நாடு கடத்துவதாகத் தங்கள் உத்தரவு, அரசே."

ராஜா பல்லை நறநறவென்று கடித்தார். அமைச்சர் பக்கம் திரும்பினார். "நரசிங்கனாரே, நீர் சொல்லும். இது கட்டிலா?"

நரசிங்கனாருக்கு வியர்த்தது. இல்லை என்றால் ஆணை போயிற்று. ஆணையோடு திடலும் போயிற்று. "கட்டில்தான், அரசே. சுற்றளவு ஒன்றுதானே."

"வசதியானதா?"

"அரசருக்கே உரிய வசதி."

"அப்படியா? படுத்துக் காட்டும்."

அமைச்சர் நல்ல கனம். பலகையில் ஏறி, இரண்டு கைகளாலும் விளிம்பை இறுகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மல்லாந்தார். "சு... சுகமாக இருக்கிறது, அரசே."

"புரண்டு படும்."

புரண்டார். அறையே அதிர்ந்தது. தலைப்பாகை ஒரு பக்கம் உருள, அமைச்சர் மறுபக்கம் உருண்டார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஆவுடையப்பா, அந்தக் குயவர்கள் இப்படிப்பட்ட இடத்திலா பிள்ளைகுட்டிகளோடு படுத்திருக்கிறார்கள்?"

"ஆம், அரசே. தாங்கள் விழுந்தது தரையில். அவர்கள் புரண்டால் வாய்க்கால்."

 ராஜா எழுந்து சபைக்குப் போய்த் தம் வாயாலேயே ஆணையை நீக்கினார். திடல் அன்று மாலையே குயவர்களுக்குத் திரும்பியது. இடித்த சூளையை நரசிங்கனார் ஆள் வைக்காமல் தம் கையாலேயே கட்டித்தர வேண்டும் என்றும் உத்தரவானது.

தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்ட ராஜா, அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்கள் மின்னின.

"அது சரி, வேலிக்குள் அடங்கும் இடத்துக்கு வேறு கணக்கு என்றாயே! அதை எப்படி அளப்பது? பண்டிதருக்கு ஆள் அனுப்புகிறேன். நாளை முதல் நாம் இருவரும்..."

ஆவுடையப்பன் மாலையைக் கழற்றி ராஜாவின் கையிலேயே வைத்தான். "அரசே, இது வேண்டாம். எனக்கு விடுப்புக் கொடுங்கள். பண்டிதர் வந்துவிட்டுத் திரும்பிப் போகும்வரை."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, மாலையையும் கொடுத்து விடுப்பையும் கொடுத்தார்.

மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் ஆவுடையப்பன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேகவேகமாக ஊரைவிட்டு நடந்தான். சூளைத் திடலில் நரசிங்கனார் முழங்கால்வரை சேற்றில் நின்று மண் மிதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நல்லா மிதிங்க சாமி, கட்டி கட்டியா இருக்கு!" என்று அங்கம்மை அதட்டுவது தெருக்கோடிவரை கேட்டது.